மச்சுப் பலகை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எதைப் பற்றி எழுத உட்காருகிறானோ அதில் அவன் கரை கண்டவன் என்று நண்பர்கள் நம்பிவிடுகிறார்கள். வைத்தியர் ஒருவரைக் கதாநாயகராக்கி நான் ஒரு நாவல் எழுதிய காலத்தில், நாடி பார்க்கச் சொல்லி நாலைந்து பேர் என்னிடம் கையை நீட்டியது உண்டு. பர்மாவைக் களமாகக் கொண்ட கதை ஒன்றுக்காகச் சில வருஷங்களாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன் என்பது வெளியே தெரிந்ததும், காரைக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"வீட்டு மச்சில் பதினொரு பலகை கெட்டுப் போய்விட்டது. மாற்ற வேண்டும். அதே பர்மாத் தேக்காகப் பார்த்துப் போட வேண்டும். நீங்கள் ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை" என்றார்.

"நான் வந்து என்ன செய்ய? ஆசாரி இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறார். ஆனால் அவர் என்னென்னவோ பேசுகிறார்."

ஆசாரி பேசியது என்ன என்பதை நண்பர் சொல்லவில்லை. அதைத் தெரிந்து கொள்ளும் ஆவலில்தான் நான் ரயிலேறினேன் என்று சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இப்போது எழுதாதவர்கள் இல்லை. முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர், இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் நண்பர் வீடு அவ்வளவு பெரியதல்ல. 1911-ல் அவருடைய பாட்டனாரின் தகப்பனார் கட்டியது. முகப்புக்கு மேலே ஒரு நீண்ட கூடம். அதன் தரை முழுவதும் பலகை. ஒரு பலகையின் விளிம்பில் பள்ளம், அடுத்ததன் விளிம்பில் நாக்கு என்று கோத்துப் போட்டது. காலை வைத்தால் வெயில் நாளிலும் குளிர்ச்சியாக இருந்தது. மேற்குச் சுவர் ஓரம் ஓடு விலகி, பல வருஷம் மழைநீர் சொட்டிக் கொண்டே இருந்திருக்கிறது. தேக்கும் அழுகுமா என்று கேட்பீர்கள். வைரம் அவ்வளவு எளிதில் அழுகாது. பலகையின் விளிம்பில் வெளிர் மரம் கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருந்தால் முதலில் அது போகும். அது போன வழியாக ஈரம் உள்ளே போகும்.

ஆசாரியாருக்கு எழுபது வயது இருக்கும். கெட்ட பலகைகளைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். நான் குனிந்து அவற்றின் மேல் முகத்தைத் தடவிப் பார்த்தேன். நிபுணன் மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா?

"மேல் முகத்தைப் பார்க்காதீங்க ஐயா. அது நூறு வருஷமா எண்ணெயும் காலும் பட்ட நிறம். திருப்பிப் பாருங்க" என்றார்.

திருப்பினேன். அடிமுகத்தில் இழைப்புளி படவில்லை. ரம்பத்தின் தடம் அப்படியே இருந்தது. பிறை பிறையாக, ஒன்றையொன்று ஒட்டி, வளைந்த கோடுகள். வட்ட ரம்பம் அறுத்தால்தான் அப்படி விழும். நீராவியால் ஓடிய ஆலையில் அறுத்த பலகை என்பதற்கு அது சாட்சி. கணுவே இல்லாத பதினெட்டு அடி நீளப் பலகை. நுனியைக் கூர்மையான உளியால் குறுக்கே சீவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். தேக்கு மரத்தில் ஒவ்வொரு வருஷமும் வளர்ச்சி தொடங்கும்போது பெரிய துளைகள் ஒரு வரிசையாக உண்டாகின்றன. வருஷம் போகப் போகத் துளைகள் சிறுத்துவிடுகின்றன. ஆகவே வெட்டு முகத்தில் வருஷத்துக்கு ஒரு வரி, ஊசியால் குத்தி வைத்த மாதிரி தெளிவாகத் தெரியும். ஓர் அங்குலத்தில் பதினாலு வரிகள் எண்ணினேன். அதாவது அந்த ஓர் அங்குலம் கனப்பதற்கு மரம் பதினாலு மழைக்காலங்களைப் பார்த்திருக்கிறது. விரலால் தேய்த்தால் மெழுகு தடவினாற்போல் வழவழப்பு. முகர்ந்தால் பழைய தோல் பெட்டியின் வாசனை.

"தேக்குத்தான்" என்றேன் கம்பீரமாக.

"தேக்குதான். அதைச் சொல்ல நீங்க இவ்வளவு தூரம் வரணுமா? இதைப் பாருங்க" என்று கூடத்தின் கிழக்கு மூலைக்கு அழைத்துப் போனார்.

அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்வதற்கு முன், இந்தத் தேக்கு அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்த்த குறிப்புகளும் எங்கேயாவது பயன்பட வேண்டுமே!

தேக்குக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நம்முடைய பெயர்தான். தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய சொல்லைப் போர்ச்சுகீசியர் 'தேக்கா' என்று எடுத்துக் கொண்டார்கள். அது ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. 1782-ல் லின்னேயஸின் மகன் 'டெக்டோனா கிராண்டிஸ்' என்று சாஸ்திரப் பெயர் சூட்டினார். வெள்ளைக்காரர்கள் இதன் பேரில் மோகம் கொண்டது வீடு கட்டுவதற்காக அல்ல, கப்பல் கட்டுவதற்காக. அவர்கள் நாட்டு ஓக் மரம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். 1817-ல் பம்பாயில் மலையாளத்துத் தேக்கால் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுகத்தில் இன்றும் மிதந்து கொண்டிருக்கிறது. அதன் பெயர் 'திருகோணமலை'. மரம் நமது பக்கத்தது, பெயரும் நமது பக்கத்தது, கப்பல் மட்டும் அவர்களுடையது.

இப்படி வெட்டிய காடு எத்தனை நாளைக்கு வரும்? 1806-ல் வாட்ஸன் என்ற காப்டனை மலையாளக் காடுகளுக்குக் காவலராகப் போட்டார்கள். தேக்கு கும்பெனிக்கே சொந்தம் என்று சாற்றினார்கள். குடிகளுக்கும் மர வியாபாரிகளுக்கும் இது பெரிய உபத்திரவமாயிற்று. 1823-ல் தாமஸ் மன்றோ காலத்தில் அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார்கள். 1840-களில் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார். நட்டு முளைக்க வைத்த பெருமையில் பெரும் பங்கு சாத்து மேனன் என்ற அதிகாரிக்கு உரியது. ஆனால் நட்ட தேக்கு வைரம் பாய மூன்று தலைமுறை ஆகும். அவசரக்காரர்கள் அதற்குள் கடலுக்கு அப்பால் பார்த்துவிட்டார்கள்.

1824-ல் தொடங்கிய முதல் பர்மா யுத்தம் 1826-ல் முடிந்தபோது டெனாசரிம் கரை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சால்வின் ஆற்று முகத்திலிருந்த மோல்மேன் மர வியாபாரத்துக்குப் பேர் போன துறைமுகமாயிற்று. 1852-ல் அடுத்த யுத்தம், பெகு போயிற்று. மூன்றாவது யுத்தத்துக்கு மரமே காரணம் என்று சொன்னால் மிகையாகாது. அரசர் திபாவின் காட்டில் மரம் வெட்டிய பம்பாய் பர்மா வர்த்தகக் கும்பெனி, கணக்கில் காட்டாமல் ஏராளமான மரத்தைக் கொண்டு போய்விட்டது என்று மாண்டலே தர்பார் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து 1885 நவம்பரில் படையெடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. பிரஞ்சுக்காரர் பர்மாவுக்குள் வந்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் உண்டு. ஆனாலும் ஊருக்குச் சொன்ன காரணம் மரந்தான். பதவி இழந்த திபாவை முதலில் நம் சென்னைக்குத்தான் கொண்டு வந்தார்கள். பிறகு ரத்னகிரியில் வைத்தார்கள். அங்கேயே 1916-ல் காலமானார்.

அந்தக் காடுகளில் மரத்தை வெட்டும் முறை விசித்திரமானது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். ஆகவே முதலில் அடிமரத்தைச் சுற்றி வைரம் தெரியும் வரை வளையமாக வெட்டி விடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று வருஷம் வெயிலில் காயும். பிறகு சாய்த்து, யானையைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் விடுவார்கள். ஓடை ஆற்றில் சேரும். ஆற்றில் தெப்பமாகக் கட்டி ஆலைக்குக் கொண்டு வருவார்கள். காட்டில் வெட்டிய மரம் இரங்கூன் ஆலைக்கு வந்து சேர வருஷக் கணக்கில் ஆவதும் உண்டு. அங்கே அறுபட்டு, கப்பலேறி, வங்கக் கடலைத் தாண்டி வந்தது. கூடவே வந்தது செட்டியார்களின் பணம். 1852-க்குப் பிறகு கீழ்ப் பர்மாவில் காடு திருத்தி நெல் விளைந்தபோது அந்த விவசாயத்துக்கு முதல் போட்டவர்கள் அவர்களே. அந்த வட்டியில் வந்தவைதான் நாம் அண்ணாந்து பார்க்கும் தூண்கள். பர்மியக் குடியானவன் இந்தத் தூண்களைப் பற்றி என்ன நினைத்திருப்பான் என்பதையும் நான் எழுதும் நாவலில் சேர்க்க வேண்டும். 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு செட்டியார்கள் வசம் இருந்தது. நெல் விலை சரிந்து கடன்கள் மூழ்கி, 1938-க்குள் அது கால் பங்காயிற்று.

இனி கிழக்கு மூலைக்கு வருவோம்.

அங்கே ஒரு பழைய பவானி ஜமக்காளம் விரித்திருந்தது. ஆசாரியார் அதைச் சுருட்டித் தள்ளினார். மேலே பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சற்றுச் சிவந்த சாயை, அவ்வளவுதான். ஒரு பலகையை நெம்பித் திருப்பினார். அடியில் பிறைக் கோடு இல்லை. நேர்க் கோடுகள், ஆனால் சாய்வாக, ஒன்று நெருங்கியும் ஒன்று விலகியும் இருந்தன. பரண் கட்டி மரத்தை ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று கையால் இழுத்த ரம்பத்தின் தடம் அது. மேலே நின்றவருக்குக் களைத்துப் போன இடம் கூடத் தெரியும் என்றார் ஆசாரியார். தூக்கினால் தேக்கை விடக் கனம். பூதக்கண்ணாடியில் அந்த ஊசிக்குத்து வரிசை தெளிவாகத் தெரியவில்லை. ஆணிகளோ, ஒருமுறை வளைந்து, தட்டி நிமிர்த்தி, மறுபடி அடித்தவை.

"இதைத்தான் சொன்னேன். இது தேக்கே இல்லை. நம்ம ஊர் வேங்கை" என்றார்.

நண்பருடைய முகம் சிறுத்துவிட்டது. "எங்கள் வீட்டு மச்சு முழுக்க மோல்மேன் தேக்கு. எங்கள் ஐயா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்" என்றார். செட்டிநாட்டில் தகப்பனாரின் தகப்பனாரைத்தான் ஐயா என்பார்கள்.

எனக்கும் சந்தேகம் தீரவில்லை. அப்போது நண்பரின் தாயார் மெள்ளப் படியேறி வந்தார். எண்பத்து நாலு வயது. கையில் ஒரு மரக் குவளை. சர்க்கரை வியாதிக்கு வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது அவர் வழக்கமாம். அதனால் வியாதி குணமாகிறதா என்பதை வைத்தியர்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தத் தண்ணீரைப் பார்த்தேன்: பழுப்பு கலந்த மஞ்சள். வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரத்தில் நீலம் மின்னியது.

ஆசாரியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூலைப் பலகையின் அடியில் நாலு சீவல் சீவி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுப் போட்டோம். அரை மணி நேரம் காத்திருந்தோம். அதே மஞ்சள், அதே நீல மின்னல். தேக்குச் சீவலைப் போட்ட தம்ளரில் அந்த நீலம் வரவே இல்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தேவையானால் பெங்களூரில் மர விஞ்ஞானத்துக்கென்றே இருக்கும் மத்திய நிலையத்துக்கு ஒரு துண்டை அனுப்பலாம். ஆச்சியின் குவளை எங்களுக்குத் தபால் செலவை மிச்சப்படுத்திவிட்டது.

"எப்ப மாத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா ஆச்சி?" என்று கேட்டேன்.

"நான் வாக்கப்பட்டு வந்தது அம்பத்தேழுல தம்பி. அப்பவே இப்படித்தான். எங்க மாமியார் ஒண்ணு சொல்லுவாக: கல்யாணம், காட்சின்னு யார் வந்தாலும் ஜமக்காளத்தை அந்த மூலையில விரிச்சிடணும்னு. ஏன்னு நான் கேட்டதில்ல. கேட்டா சொல்ற மனுஷியும் இல்ல."

செட்டியார் வீடுகளில் எது தொலைந்தாலும் கணக்குப் புத்தகம் தொலைவதில்லை. மறுநாள் பெட்டகத்தைத் திறந்து, செல் அரித்தவை போக மிஞ்சியவற்றைப் புரட்டினோம். பெரியவர் 1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். மோல்மேன் ஜனவரி கடைசியில் ஜப்பானியரிடம் விழுந்தது. இரங்கூன் மார்ச் 8-ந் தேதி விழுந்தது. கப்பல் கிடைக்காத லட்சக் கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தமு வழியாக இம்பால் வந்து சேர்ந்த பெரியவர், நாலு மாதம் கழித்து ஊர் வந்தபோது உடம்பில் இருந்தது ஒரு வேட்டி என்று நண்பர் கேள்விப்பட்டிருக்கிறார்.

சுபானு வருஷம் தை மாதப் பக்கத்தில், அதாவது 1944 தொடக்கத்தில், அது இருந்தது. வரவுப் பக்கம்: மச்சுப் பலகை விற்ற வகையில். எதிர்ப்பக்கத்தில் அதே தேதியில், அதே தொகைக்குச் சற்றுக் குறைவாக: அடுத்தாள் வீட்டுக்கு. மீதிக்கு: வேங்கைப் பலகை, அறுப்புக் கூலி.

செட்டியார் கடையில் முதலாளிக்குப் பதிலாக நிர்வாகம் பார்ப்பவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். இந்த வீட்டின் அடுத்தாள் பெரியவரோடு புறப்பட்டவர். இம்பால் வந்து சேரவில்லை. இவ்வளவுதான் வீட்டில் தெரிந்தது. அவருடைய குடும்பத்துக்குப் பணம் கொடுத்த கதை யாருக்கும் தெரியாது. பர்மாத் தேக்கின் வரத்து நின்று போயிருந்த அந்தச் சமயத்தில், வீட்டில் விற்கக் கூடியதாக மிஞ்சியது காலடியில் இருந்த பலகைதான் போலிருக்கிறது. அதை விற்றது வெளியே தெரியக் கூடாது, ஆகவே ஜமக்காளம். மச்சு முழுக்கத் தேக்கு என்று பேரனிடம் ஆயிரம் தடவை சொன்னதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நண்பர் அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். நான் கீழே போய்க் காப்பி குடித்தேன்.

பலகை வாங்கும் படலம் மீதி இருந்தது. அதில் நான் ஏமாறப் பார்த்தேன். பக்கத்து நகரத்தில் ஒரு மரக்கடைக்காரர் "அசல் பர்மா" என்று பளபளவென்று பலகைகளை எடுத்துப் போட்டார். நிறம் அழகாகவே இருந்தது. ஆசாரியார் பேசாமல் நுனியைச் சீவி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். அங்குலத்துக்கு மூன்று வரி! தோட்டத்தில் நீர் விட்டு அவசரமாக வளர்த்த மரம். இன்று நம் ஊரில் விற்கும் தேக்கில் பெரும் பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டத்தில் வளர்ந்து வருவது. அதுவும் தேக்குத்தான், ஜன்னல் செய்யத் தாராளமாகப் போதும். ஆனால் பதினாலு வரிப் பலகைக்குப் பக்கத்தில் மூன்று வரிப் பலகையைக் கோத்தால், ஈரத்துக்கு ஒன்று அசைகிற மாதிரி மற்றது அசையாது. தேய்மானமும் வேறு. பத்து வருஷத்தில் பாட்டனும் பேரனும் போல் தனித் தனியாகத் தெரியும். பர்மா அரசாங்கமோ 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. உள்ளபடி சொன்னால், தேக்கு எந்தக் காட்டில் வளர்ந்தது என்பதைப் பூதக்கண்ணாடி காட்டாது. நீளம், கணு இன்மை, வரி நெருக்கம், ரம்பத் தடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கடைக்காரர் "அசல்" என்று சொன்னதும் அந்த ஊகத்தை நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம்.

கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றி வந்தோம். இடித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் வெயிலில் அடுக்கிக் கிடந்தன. சில நிலைகளில் மஞ்சள் குங்குமம் கூட அழியவில்லை. ஒரு வீட்டைச் செப்பனிட வேண்டுமானால் இன்னொரு வீடு இடிந்திருக்க வேண்டும். இதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆசாரியாருக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. "நாம எடுக்காட்டி மேஜை செய்ய வெட்டிடுவான்" என்று சொல்லிக் கொண்டே பலகைகளைத் திருப்பித் திருப்பி அடிமுகத்தைப் பார்த்தார். மூன்றாவது கடையில் பிறைக் கோடு கிடைத்தது. பதின்மூன்று வரி. கனம் ஒரு நூல் அதிகம், இழைத்துக் கொள்ளலாம்.

இழைத்ததும் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்ததைப் பார்த்து நண்பர் கலங்கிப் போனார். சாயம் பூசலாமா என்றார். ஆசாரியார் மறுத்துவிட்டு, பலகைகளை மொட்டை மாடியில் வெளிச்சத்தில் பரப்பினார். மூன்று வாரத்தில் திட்டுகள் மறைந்து தேன் நிறம் வந்ததாக நண்பர் பிறகு எழுதினார்.

வேங்கையை என்ன செய்வது என்பதில்தான் தாயாருக்கும் பிள்ளைக்கும் விவாதம். ஒரே மாதிரியாக இருக்கட்டும், எல்லாவற்றையும் தேக்காகவே மாற்றிவிடலாம் என்பது பிள்ளையின் கட்சி. அதற்கும் சேர்த்து அவர் பலகை பேசி வைத்திருந்தார். நான் புறப்படுகிற அன்று ஆச்சி மாடிக்கு வந்து, மூலைப் பலகைகளின் மேல் நின்று கொண்டார்.

"இதுல கை வைக்க வேணாம். எண்ணெய் மட்டும் போடுங்க" என்றார் ஆசாரியாரிடம். பிறகு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, சுருட்டி வைத்திருந்த ஜமக்காளத்தைக் காட்டினார்.

"அதை எடுத்துட்டுப் போயி நல்லா உதறி, கீழ் வீட்டுல போடு. எனக்கு உட்கார ஒண்ணு வேணும்."